பளபளப்பதெல்லாம் ப்ரூஃப் அல்ல!

பழைய நாணயக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. "ப்ரூஃப் காயின் தம்பி, ரேர் பீஸ்" என்கிறார் விற்பவர். ஒரு மாத பாக்கெட் மணி காலியாக இந்த ஒரு வரி போதும்!

புதிதாக சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலரும் செய்யும் தவறு, 'ப்ரூஃப்' என்றால் 'புத்தம் புதுசு' என்று நினைப்பது. உண்மையில் அது நாணயத்தின் நிலையைக் குறிக்கும் சொல்லே அல்ல. செய்முறையைக் குறிக்கும் சொல். புழக்கத்துக்கான நாணயங்களை இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில், ஒரே அடியில் அச்சடித்துத் தள்ளும். அவை ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போதே கீறலும் விழும். ப்ரூஃப் அப்படியல்ல. அச்சையும் தகட்டையும் முதலில் மெருகேற்றுவார்கள். பிறகு நிதானமாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள். ஆகவே சட்டைப்பையில் கிடந்து தேய்ந்தாலும் ப்ரூஃப் ப்ரூஃப்தான். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் சாதா நாணயம் சாதாதான்!

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். புதிய சாதாரண நாணயத்தில் ஒளி, வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுழலும். ப்ரூஃபில் பின்புலம் கண்ணாடி. பெரும்பாலும் உருவமும் எழுத்தும் மட்டும் பனி படர்ந்தது போல வெண்மையாக நிற்கும். விளிம்பு செதுக்கியது போலக் கூர்மையாக இருக்கும். புளி போட்டுத் தேய்த்த நாணயமோ மேடு பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி மின்னும். லென்ஸ் வைத்தால் மயிரிழைக் கோடுகள் காட்டிக் கொடுத்துவிடும்.

மின்ட் மார்க்கும் உதவும். மும்பை நாணயச் சாலையின் சாதாரண நாணயங்களில் வைரக் குறி. ப்ரூஃப்களில் முன்பு 'பி', பின்னாளில் 'எம்'. ஆனால் கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. எனவே ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டக்கூடாது. புத்தம் புதிய அச்சில் முதலில் விழும் சாதாரண நாணயங்கள்கூட சில சமயம் ப்ரூஃப் போலவே ஏமாற்றும்.

இதில் பெரிய நஷ்டம் வாங்குபவருக்கு மட்டுமல்ல. பொருளின் தரம் விற்பவருக்கு மட்டுமே தெரிந்தால் சந்தை என்னவாகும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து விளக்கினார். ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைத்தே விலை கேட்பார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு வைத்திருப்பவர் ஒதுங்கிவிடுவார். நாணயச் சந்தையும் அப்படித்தான். நல்ல ப்ரூஃப் வைத்திருக்கும் நேர்மையான வியாபாரிக்கும் உரிய விலை கிடைக்காமல் போகும். 'ப்ரூஃப் போல' ஆக்குவதற்காகத் தேய்க்கப்பட்ட பழைய நாணயமோ தன் இயல்பான மேற்பரப்பை இழந்துவிடும். அதை எந்தப் பாலிஷாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே அடுத்த முறை "ப்ரூஃப்" என்று யாராவது நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை வைத்துச் சொல்றீங்க?" பதில் பளபளப்போடு முடிந்துவிட்டால், பணத்தை பர்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாணயம் விற்பவரிடமும் கொஞ்சம் நாணயம் வேண்டும்தானே!