முதல் ஆண்டுகள் மக்களுக்கு

திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து சட்டத்தரணியாகும் இளையவர், முதற் சில ஆண்டுகளைப் பொதுப்பணிக்கே கொடுக்க வேண்டும். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸ் தரப்பினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டனர். சாட்சிகளிடம் தமிழிலேயே பேசி, அச்சம் போக்கி, வழக்கை நடத்தும் அரச சட்டவாதிகளின் தேவையை இது உரத்துச் சொல்கிறது. பொதுப்பணியில் வருமானம் குறைவென்பது உண்மைதான். ஆனால் மூத்த சட்டத்தரணியின் கோப்புகளைச் சுமக்கும் கனிஷ்டருக்கும் தொடக்கத்தில் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவிலோ, தாபரிப்பு கேட்டு வரும் தாய்க்காகத் தாமே எழுந்து வாதாடலாம். அரசிடம் சம்பளம் வாங்குபவர் மக்களுக்காகப் பேசுவாரா என்று சிலர் கேட்பார்கள். நாம் ஒதுங்கினால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது. நம் மக்களின் மொழி அறியாத ஒருவர் அமர்வார். காணி உறுதி எழுதிச் சம்பாதிக்கப் பிறகும் காலமுண்டு.