ரூட்டுக்குக் கதவு திறக்காதது பழுதல்ல

கிளவுட்டில் புதிதாக ஒரு சர்வர் எடுப்பவர்கள் முதல் பத்து நிமிடத்தில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. எஸ்.எஸ்.எச். வழியாக 'ரூட்' என்ற பெயரில் உள்ளே போகப் பார்ப்பார்கள். சர்வர் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். இணையத்தில் தேடினால் இதற்கு ஒரு கைவைத்தியம் கிடைக்கும். அமைப்புக் கோப்பைத் திற, 'பெர்மிட்ரூட்லாகின்' என்ற வரியில் 'யெஸ்' என்று போடு, 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்' வரியிலும் 'யெஸ்' போடு, ரூட்டுக்கு ஒரு கடவுச்சொல் வை, சேவையை மறுபடி துவக்கு. அவ்வளவுதான், முடிந்தது!

இந்த வைத்தியம் வேலை செய்யும் என்பதுதான் இதில் இருக்கும் சிக்கலே. வேலை செய்யாமல் போயிருந்தால் பலர் தப்பித்திருப்பார்கள். உள்ளே போக முடியாததற்கு என்ன காரணம் என்று பார்க்காமல், இருக்கிற எல்லாப் பூட்டையும் கழற்றி வைப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

கொஞ்சம் பின்னணி. யுனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் ரூட் என்பவர் எதையும் செய்யலாம். எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், லாக் பதிவுகளையே திருத்தலாம். கூடவே இன்னொரு சங்கதி. இந்தப் பெயர் ஊரறிந்த பெயர். வேறு யாருடைய கணக்கில் நுழைய வேண்டுமென்றாலும் பெயர், கடவுச்சொல் இரண்டையும் ஊகிக்க வேண்டும். ரூட் என்றால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்தது. பொது முகவரியோடு இணையத்துக்கு வரும் எந்தச் சர்வரிலும் 22-ம் எண் போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு லாக்கைப் பார்த்தால் தெரியும். யார் யாரோ, எங்கெங்கிருந்தோ, ரூட் என்ற பெயரில் கடவுச்சொற்களை முயன்றுகொண்டே இருப்பார்கள். அவர்கள் மனிதர்கள்கூட இல்லை, நிரல்கள். தூங்காது, சலிக்காது.

எஸ்.எஸ்.எச். பிறந்ததே ஒரு திருட்டுக்குப் பின்னால்தான். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேகரித்தார்கள். அதற்குப் பதிலாக அங்கிருந்த டாட்டு உலோனன் எழுதியது இது. பிறகு ஓபன்பிஎஸ்டி குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்எச் இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸ் சர்வர்களிலும் இருக்கிறது. அதிலும்கூட நெடுநாள் ரூட்டுக்குக் கதவு திறந்தே இருந்தது. 2015 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பில்தான் மாற்றினார்கள். ரூட் வரலாம், ஆனால் கடவுச்சொல்லோடு வரக்கூடாது, சாவியோடுதான் வரவேண்டும் என்பது அன்றிலிருந்து இயல்பான விதி.

ஆக, சர்வர் மறுப்பது பெரும்பாலும் பழுதல்ல, யோசித்து வைத்த ஏற்பாடு. அமேசானின் ஈசி2-வில் ஒரு உபுண்டு சர்வரை எடுத்துக்கொள்வோம். அங்கே ரூட்டுக்குக் கடவுச்சொல்லே கிடையாது, பூட்டி வைத்திருக்கிறார்கள். எந்தக் கடவுச்சொல்லை அடித்தாலும் பயனில்லை. சரியான சாவியோடு ரூட்டாகப் போனாலோ, 'ரூட் என்ற பெயருக்குப் பதில் உபுண்டு என்ற பெயரில் வாருங்கள்' என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டி, பத்து வினாடி காத்திருந்து, இணைப்பைத் துண்டித்துவிடும். இதைவிடத் தெளிவாக ஒரு கணினி எப்படிச் சொல்லும்? ஆனால் அந்த வரியையும் 'எர்ரர்' என்று நினைத்து வைத்தியம் தேடுகிறவர்கள் உண்டு. அமேசான் லினக்ஸில் பயனர் பெயர் 'ஈசி2-யூசர்', டெபியனில் 'அட்மின்'. டிஜிட்டல்ஓஷன் போன்ற இடங்களிலோ சாவியோடு ரூட்டாகவே நுழையலாம். ஒரு இடத்தில் படித்த குறிப்பை இன்னொரு இடத்தில் அப்படியே அடித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, நிஜமாகவே பழுது இருந்தால்? சர்வர் மறுக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

பதிலே வராமல் நேரம் கடந்து நின்றால், போகிற வழியில் ஏதோ தடுக்கிறது. பெரும்பாலும் கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வால் விதியாக இருக்கும். கடவுச்சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே வந்தால், சர்வர் வரை போயாயிற்று, பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் எஸ்.எஸ்.எச். சேவை ஓடவில்லை. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றால் கதவு வரை போயாயிற்று, ஆளைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'பப்ளிக்கீ' என்று மட்டும் இருந்தால், அந்தச் சர்வர் கடவுச்சொல்லைக் கேட்கவே போவதில்லை என்று அர்த்தம். மூன்றும் மூன்று வேறு நோய்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் எப்படி?

ஒரு நுணுக்கம். சாவியோடுதான் ரூட் வரலாம் என்ற விதி இருக்கும்போதும் சர்வர் சில சமயம் கடவுச்சொல் கேட்கும். சரியான கடவுச்சொல்லை அடித்தாலும் தவறு என்றே சொல்லும். இது வேண்டுமென்றே செய்தது. வெளியில் நிற்பவருக்குக் காரணத்தைச் சொன்னால் திருடனுக்கும் சொன்ன மாதிரி. காரணம் தேட வேண்டிய இடம் உள்ளே இருக்கும் லாக். உபுண்டு, டெபியனில் ஆத்.லாக், ரெட்ஹாட் வகையில் செக்யூர் என்ற கோப்பு. புதிய பதிப்புகளில் அந்தக் கோப்பு இல்லாவிட்டால் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளை. கோப்பு அனுமதிகள் தளர்வாக இருக்கின்றனவா, சாவி சரியாக இருந்தும் ரூட் என்பதற்காகவே நிறுத்தியதா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். சாவி சரி, பெயர் சரி, இருந்தும் மறுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த அனுமதிகள். '.எஸ்எஸ்எச்' அடைவுக்கு 700, அதற்குள் பொதுச் சாவிகள் இருக்கும் கோப்புக்கு 600.

அமைப்புக் கோப்பில் மாற்றியும் ஒன்றும் மாறவில்லை என்ற புலம்பலும் உண்டு. ஓபன்எஸ்எஸ்எச் ஒரு விதியை முதலில் எங்கே பார்க்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதை விட்டுவிடும். இப்போதைய உபுண்டுவில் முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே வேறொரு அடைவில் இருக்கும் கோப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிளவுட் நிறுவனத்தின் விதி அங்கே உட்கார்ந்திருந்தால், முதன்மைக் கோப்பின் கடைசியில் எத்தனை முறை 'யெஸ்' எழுதினாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான். 'எஸ்எஸ்எச்டி' நிரலைப் பெரிய டி என்ற குறியோடு ஓட்டினால், உண்மையில் நடைமுறையில் இருக்கும் விதிகளைப் பட்டியல் போட்டுவிடும். ஊகிக்க வேண்டியதே இல்லை.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட. ஈசி2-வில் உபுண்டு என்ற பயனர் கடவுச்சொல் இல்லாமலே 'சூடோ' போட்டு ரூட் ஆகிவிடலாம். அவருடைய சாவி திருடு போனால் எல்லாம் போயிற்று. அப்புறம் ரூட்டை மட்டும் பூட்டி என்ன பயன்? தனி ஒருவர் சாவியை மட்டும் வைத்து நிர்வகிக்கும் சர்வர் என்றால், திருட்டைப் பொறுத்தவரை வித்தியாசம் குறைவுதான். ஓபன்எஸ்எஸ்எச்சின் இயல்பான விதியே சாவியோடு வரும் ரூட்டை அனுமதிக்கிறதே. உண்மையான ஆபத்து கடவுச்சொல்லில் இருக்கிறது.

ஆனால் சர்வரில் இரண்டாவது ஆள் வந்த கணமே கணக்கு மாறிவிடுகிறது. கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஐந்து பேர் சேர்ந்து ஒரு சர்வர் எடுத்து, ஒரே ரூட் கடவுச்சொல்லை வாட்ஸப்பில் பகிர்ந்துகொள்வது சர்வ சாதாரணம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் டேட்டாபேஸ் காணாமல் போனால் லாக் என்ன சொல்லும்? 'ரூட் வந்தார், ரூட் போனார்' என்று சொல்லும். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சாவி, தேவைப்படும்போது மட்டும் சூடோ என்று இருந்தால், எந்தக் கட்டளையை யார் எப்போது கொடுத்தார் என்று பதிவாகும். ஒருவர் குழுவை விட்டுப் போனால் அவர் சாவியை மட்டும் எடுத்துவிடலாம், மற்ற நால்வருக்கும் புதுக் கடவுச்சொல் அனுப்ப வேண்டியதில்லை. பழி போடுவதற்காக அல்ல, செய்யாதவர் மேல் பழி விழாமல் இருப்பதற்காகவே இது வேண்டும். கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று அடிக்கும் அந்த ஒரு வினாடியில் தவறான அடைவில் நிற்கிறோம் என்று கவனித்துத் தப்பியவர்களும் உண்டு. :)

பேக்கப் மாதிரி சில வேலைகளுக்கு ரூட்டாக நேரடியாக வரத்தான் வேண்டும் என்றால், அதற்கும் அளவான வழி இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கட்டளையை மட்டும் ஓட்ட ரூட்டை அனுமதிக்கலாம். குறிப்பிட்ட முகவரியிலிருந்து வந்தால் மட்டும் திறக்கலாம். 'யெஸ்'ஸுக்கும் 'நோ'வுக்கும் நடுவே இத்தனை படிகள் இருக்கும்போது, கடைசிப் படிக்கு ஏன் தாவ வேண்டும்?

எந்த மாற்றம் செய்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. இப்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்துவிட்டு, அது சரியாக வந்த பிறகே பழையதை மூட வேண்டும். சேவையை மறுபடி துவக்கினாலும் ஏற்கெனவே இருக்கும் இணைப்பு அறுபடாது. அப்படியும் வெளியே மாட்டிக்கொண்டால் பல கிளவுட் நிறுவனங்கள் தரும் கன்சோல் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு சர்வரில் மாட்டித் திருத்தலாம். சிரமம்தான். ஆனால் பயத்தில் 'யெஸ்' போட்டுவிட்டு, அடுத்த மாதம் யாரோ அந்தச் சர்வரில் காயின் மைனிங் ஓட்டியதற்கு பில் கட்டுவதைவிட இந்தச் சிரமம் குறைவு.