இளவேனில் வருது... உங்க வீட்டு லான் தயாரா?

'ஸ்பிரிங் லான் கேர்' என்று யூடியூபில் வருவதெல்லாம் பனி உருகும் ஊர்களுக்கானது. நமக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். திருச்சியில் அது கத்திரி வெயில்! அதனால் புல்தரை வேலைகளை மாசியிலேயே முடித்துவிடுங்கள்.

முதலில் கோரையை ஒழிக்க வேண்டும். மேலே பிடுங்கினால் போதாது, கிழங்கோடு தோண்டி எடுங்கள். ஒன்று தங்கினாலும் மறுபடி முளைக்கும். பிறகு சலித்த மண்புழு உரத்தை மெல்லிசாகத் தூவுங்கள். வெயில் ஏறியதும் ஒட்ட வெட்டாதீர்கள். 2 அங்குலம் விட்டால் மண் சீக்கிரம் காயாது.

புதிதாகப் போடுபவர்கள் பலரும் நர்சரியில் கேட்பது கொரியன் புல். என் ஓட்டு அருகம்புல்லுக்குத்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதேதான். வெளிநாட்டில் அதற்குப் பெயர் 'பெர்முடா கிராஸ்'. அதன் கலப்பினங்களில்தான் கோல்ஃப் ஆடுகிறார்கள்!

எவ்வளவு இடத்தில் போடலாம்? இங்கேதான் யோசிக்கணும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி, ஜூன் 12-ல் திறப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி காவிரியும் கொள்ளிடமும் பெரும்பாலும் மணல்தான். நாம் குடிப்பதும் அந்த மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரைத்தான். 5 மி.மீ. அளவுக்கு நனைக்க, 100 சதுர அடிக்கு சுமார் 46 லிட்டர் தேவை. 500 சதுர அடி என்றால் 230 லிட்டர்! சின்னதாகப் போடுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் எல்லாம் அங்கே போகட்டும்.

மே மாதம் பழுத்துப் போனால் பதறி மோட்டாரைப் போடாதீர்கள். அருகு அடியில் உயிரோடுதான் இருக்கும். ஒரு நல்ல மழை போதும், துளிர்த்துவிடும்.