மகளிர் கிரிக்கெட்: துள்ளல் பயிற்சியும் யோகாவும்

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்கள் வித்தியாசத்தில் வென்று, இந்திய மகளிர் அணி முதன்முறையாக ஒருநாள் உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அதே தொடரில் பீல்டிங்கின்போது காயமுற்ற தொடக்க வீராங்கனை பிரதிகா ராவல் இறுதியாட்டத்தில் களமிறங்க இயலவில்லை. மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் திறனையும் பாதுகாப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

துள்ளல் பயிற்சி என்பது யாது?
தசை விரைவாக நீண்டு உடனே சுருங்கும்போது மிகுந்த விசை பிறக்கிறது. பெட்டி மீது தாவுதல், ஒற்றைக்காலில் துள்ளுதல், எடைப்பந்து எறிதல் ஆகிய பிளையோமெட்ரிக் பயிற்சிகள் இத்திறனை வளர்க்கின்றன. பந்துவீச்சின் இறுதித் தாவலுக்கும், ரன் எடுக்கும் ஓட்டத்திற்கும், எறிதலுக்கும் இதுவே அடிப்படை.

காயம் ஏன் நேர்கிறது?
தாவித் தரையிறங்கும் விளையாட்டுகளில், முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி. தரையிறங்குகையில் முழங்கால் உட்புறம் சாய்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், களத்திற்குத் திரும்பப் பெரும்பாலும் 9 மாதங்களேனும் ஆகும். முறையாகக் கற்பிக்கப்படும் துள்ளல் பயிற்சி இவ்வபாயத்தைக் குறைக்கிறது, முறையற்றது கூட்டுகிறது.

யோகாவின் பங்கு யாது?
விருட்சாசனம், வீரபத்ராசனம் போன்றவை சமநிலையையும் இடுப்பின் உறுதியையும் வளர்க்கின்றன. மூச்சுப் பயிற்சி பதற்றத்தைத் தணிக்கிறது. எனினும் யோகா மட்டுமே வேகத்தைத் தந்துவிடாது. ஆகவே ஒன்று மற்றொன்றிற்கு மாற்றன்று, துணையாகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை
• முதலில் மென்மையாகத் தரையிறங்கக் கற்க வேண்டும், உயரம் பின்னரே.
• துள்ளல் பயிற்சி வாரம் 2 நாள்கள் போதும். இடையில் 48 மணி நேர இடைவெளி தேவை.
• சிமெண்ட் தரையைத் தவிர்த்து, புல்தரையில் பயிற்சி செய்யவும்.
• நீண்ட நேரம் நிலைத்து நிற்கும் ஆசனங்களை ஆட்டத்திற்குச் சற்று முன்னர் செய்யாமல், பயிற்சிக்குப் பின்னரோ ஓய்வு நாளிலோ செய்யவும்.

மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்
• முழங்காலில் திடீர் வெடிப்பொலி, வீக்கம், நிலைதடுமாற்றம்.
• வேகப்பந்து வீசுவோருக்குத் தொடரும் கீழ்முதுகுவலி. இது எலும்பில் நுண்முறிவாக இருக்கக்கூடும்.
• மாதவிடாய் 3 மாதங்கள் வராதிருத்தல். இது பயிற்சிக்கேற்ற உணவின்மையாலும் நேரலாம்.
• நீங்காத சோர்வு, மூச்சிரைப்பு. இரத்தசோகைக்கான பரிசோதனை தேவை.

வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது மன உறுதியன்று. உரிய வேளையில் பரிசோதனை செய்துகொள்வதே மகளின் விளையாட்டு வாழ்வை நீட்டிக்கும்.