சுடாத ரைஃபிள் பொக்கிஷமா?

தொழிற்சாலைப் பெட்டியோடு, ஒரு தோட்டாகூடச் சுடாமல் கிடக்கும் பழைய ரைஃபிளைச் சுட்டால் அதன் மதிப்பு அன்றோடு போய்விடும் என்ற நம்பிக்கை அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தாத்தா வாங்கி அலமாரியில் பூட்டிய வின்செஸ்டர் ரைஃபிள் பேரன் கைக்கு வந்ததும் ஆளாளுக்குச் சொல்வது இதைத்தான்: தொடாதே, அப்படியே வைத்திரு, விலை ஏறும். மிகச் சில ரைஃபிள்களுக்கு இந்த யோசனை பொருந்தும். மற்றவற்றில், சொல்பவருக்குச் செலவில்லை, கேட்பவருக்குத்தான் நஷ்டம்.

முதலில், சுடாத ரைஃபிள் என்று உலகில் அநேகமாக எதுவும் இல்லை. வின்செஸ்டர் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவால் சுட்டுப் பார்த்த பிறகே வெளியே அனுப்பின. வின்செஸ்டர் குழலில் நீள்வட்டத்துக்குள் காணப்படும் டபிள்யூ, பி என்ற எழுத்துகள் அந்தச் சோதனையின் முத்திரை. பிரிட்டனிலோ செல்லுபடியாகும் சோதனை முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பதே சட்டப்படி குற்றம். ஆக, விளம்பரத்தில் வரும் ‘சுடாதது’ என்பதன் பொருள், தொழிற்சாலையைவிட்டு வந்த பிறகு யாரும் சுடவில்லை என்பது மட்டுமே.

அதையும் நிரூபிக்க வழியில்லை. பத்துத் தோட்டா சுட்டு, குழலை ஒழுங்காகத் துடைத்து எண்ணெய் போட்ட ரைஃபிளையும் சுடாத ரைஃபிளையும் பக்கத்தில் வைத்தால், தேர்ந்த கண்ணும் பல நேரம் ஏமாறும். வாங்க வருபவர் பார்க்கும் இடங்கள் சில உண்டு. வின்செஸ்டரின் மாடல் 94 ரைஃபிளில் தோட்டாவைத் திணிக்கும் பக்கவாட்டு மூடியில் பித்தளை உரசிய மஞ்சள் கீறல், போல்ட்டின் முகத்தில் தோட்டாவின் அடிப்பகுதி பதித்த மெல்லிய வளையம், லீவர் உராயும் இடத்தில் நீலப்பூச்சு தேய்ந்த கோடு, திருகாணிப் பள்ளத்தில் யாரோ ஸ்க்ரூடிரைவர் போட்ட தடம். ஆனால் இவற்றில் பாதி சுடாமலும் வரும். விருந்தினருக்குக் காட்டுவதற்காக நூறு முறை லீவரை இழுத்தவர் வீட்டு ரைஃபிள், ஒரு மாலை மட்டும் சுட்ட ரைஃபிளைவிடத் தேய்ந்திருக்கும். அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கத்தின் தர அளவுகோலே நிலைமையைத்தான் பார்க்கிறது. அதன் ‘எக்ஸலண்ட்’ தரத்தில் கொஞ்சம் பயன்படுத்திய துப்பாக்கிக்கும் இடம் உண்டு.

இந்த நம்பிக்கையை ஊதிப் பெருக்கியதில் நினைவுப் பதிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1964 முதல் வின்செஸ்டர் தன் மாடல் 94-ஐ ஏதாவது ஒரு நூற்றாண்டு, ஒரு மாநிலம், ஒரு வீரர் பெயரில் பளபளப்பாக்கி வெளியிட்டுக்கொண்டே இருந்தது. 1966-ல் நிறுவனத்தின் நூற்றாண்டுப் பதிப்பு, 1968-ல் பஃபலோ பில் பதிப்பு. இரண்டும் தலா ஒரு லட்சத்துக்கு மேல். ‘நினைவுப் பதிப்பு’ என்று பெயர், கோதுமை மாவு மாதிரி உற்பத்தி. 1981-ல் நடிகர் ஜான் வெய்ன் பெயரில் ஒரு பதிப்பு வந்தது. பெரிய வளைய லீவர், வேலைப்பாடு செய்த உடற்பகுதி, அழகான பெட்டி, ஏறத்தாழ 50,000 துப்பாக்கிகள், ஒன்று 600 டாலர். வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுடவில்லை. சுட நினைத்தவருக்கும் சிரமம்தான்: கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காத .32-40 தோட்டாவுக்கு அதை அமைத்திருந்தார்கள்.

அந்த 600 டாலர், அமெரிக்க அரசின் விலைவாசிக் குறியீட்டின்படி 2023-ல் ஏறக்குறைய 2,000 டாலருக்குச் சமம். பெட்டி பிரிக்காத ஜான் வெய்ன் ரைஃபிள்கள் சந்தையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கைமாறுகின்றன. நாற்பது ஆண்டுக்கு மேல் பூட்டிக் காத்தவர், போட்ட பணத்தின் வாங்கும் சக்தியைக்கூடத் திரும்பப் பெறவில்லை. தப்பு ரைஃபிளில் இல்லை. எல்லாரும் சுடாமல் வைத்தால் சுடாதது அபூர்வமாகாது.

பழைய வின்செஸ்டர்கள் அபூர்வமான கதையே வேறு. மாடல் 1873 ஏழு லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. வாங்கியவர்கள் குதிரைச் சேணத்தில் தொங்கவிட்டு மழையிலும் தூசியிலும் அடித்துப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் இன்று நல்ல நிலையில் மிஞ்சியது கொஞ்சம். அந்த மாடலிலேயே சேகரிப்பாளர்கள் அதிகம் ஏங்குவது ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்த ரைஃபிளுக்கு. 130-க்குச் சற்று மேல்தான் செய்தார்கள். தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்தபோது குறி பிசகாத குழல்களை ஒதுக்கி எடுத்து அவற்றைச் செய்தார்கள் என்பது சுடாமை பக்தர்களுக்கு உறுத்த வேண்டிய செய்தி. 2021-ல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போன கோல்ட் ரிவால்வரும் அப்படித்தான். பிரபல கொள்ளைக்காரன் பில்லி த கிட்டைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கி என்பதே அதன் விலைக்குக் காரணம்.

பூட்டி வைத்தால் பொருள் அப்படியே இருக்கும் என்பதும் பொய். பல ஆண்டு மடிப்புக் கலைக்காத பட்டுப்புடவை ஜரிகை ஓரத்தில் இற்றுப்போவது போல ரைஃபிளும் பெட்டிக்குள் கெடும். அட்டையும் நுரைப்பஞ்சும் தோல் உறையும் ஈரத்தை இழுத்து உலோகத்தோடு ஒட்டவைக்கும். கிரீஸ் காய்ந்து பிசினாகி விசையின் உள்பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். இதற்குக் கொடுமையான உதாரணம் பிரௌனிங் நிறுவனத்தின் துப்பாக்கிகள். 1960-களின் பின்பாதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் வால்நட் கட்டையைச் சீக்கிரம் உலர்த்த உப்பைப் பயன்படுத்தினார்கள். மரத்துக்குள் தங்கிய உப்பு, கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில் துருவாகக் கிளம்பியது. வெளியே கண்ணாடி போல மின்னும், ஒரு குண்டும் சுடாத பிரௌனிங்கின் கட்டையைக் கழற்றினால் அடியில் குழல் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கும். கட்டையின் பூச்சில்லாத உட்பகுதியில் சில்வர் நைட்ரேட் கரைசலைத் தொட்டுச் சோதிக்கும் வழக்கம் சேகரிப்பாளர்களிடம் வந்தது இதனால்தான். சுட்டுத் துடைத்துப் பழகியவருக்கு இந்தத் துரு சீக்கிரம் தெரிந்தது. பெட்டி பிரிக்காதவருக்கு விற்கும் நாளில் தெரிந்தது.

விதிவிலக்குகள் உண்டு. 1936 முதல் 1963 வரை வந்த வின்செஸ்டர் மாடல் 70 மொத்தம் சுமார் 5.8 லட்சம். ஆனால் .300 சாவேஜ், .35 ரெமிங்டன் போன்ற தோட்டா அளவுகளில் செய்தது மிகக் குறைவு. அப்படி ஒன்று அசல் பெட்டி, காகிதங்களோடு கிடைத்தால் சுடுவது முட்டாள்தனம். சேகரிப்பாளருக்கு விற்பதே சரி. அங்கேயும் ஒரு தொல்லை. சுடாமைக்கு விலை வைத்ததால் மோசடிக்கும் விலை வந்துவிட்டது. பழைய பெட்டிகளின் நகல்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. புதிதாக நீலப்பூச்சு ஏற்றிய ரைஃபிளும், அளவு முத்திரையை மாற்றிய குழலும் ‘அசல்’ என்று வருகின்றன. அதனால் உண்மையான பொருளை வைத்திருப்பவரும் சந்தேகப் பார்வையைத் தாண்டித்தான் விற்க வேண்டியிருக்கிறது.

சுடக்கூடாத ரைஃபிள்களும் உண்டு. அதற்குக் காரணம் உயிர், விலையல்ல. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் செய்த 1903 மாடலில் 8 லட்சத்துக்குக் கீழே வரிசை எண் உள்ளவை அத்தகையவை. அவற்றின் எஃகைச் சூடேற்றிச் செய்தபோது, அது எவ்வளவு காய்ந்தது என்பதைத் தொழிலாளி நிறத்தைப் பார்த்துக் கண்மதிப்பாக முடிவு செய்தார். வெயில் நாளில் கணக்குத் தப்பி அதிகம் காய்ந்த பாகங்கள் நொறுங்கக்கூடியவையாகின. சுட்டிருந்தாலும் சுடாவிட்டாலும் அவை சுவரில் மாட்டத்தான் ஏற்றவை. மற்றவற்றைச் சுடுமுன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி, தோட்டா அமரும் இடத்தின் இடைவெளியை அளந்து, குழலில் உறைந்த கிரீஸை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

அதன் பிறகு தயங்க ஒன்றுமில்லை. .30-30 ரைஃபிளின் குழல் பல ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும். இருபது தோட்டா அதற்குத் தூசு. எந்த மாடல், எத்தனை வந்தது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால் முடிவு தானாகக் கிடைக்கும். அபூர்வமானதென்றால் விற்றுவிடலாம், வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு விற்பதானால் 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பொதுவாக உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். லட்சக்கணக்கில் வந்ததென்றால், வேட்டைக்கோ குறிபார்க்கவோ ஆசையுள்ளவர் தாராளமாகச் சுடலாம், ஆசையில்லாதவர் இந்த ஆண்டே விற்கலாம். விலை ஏறும் என்று இன்னொரு தலைமுறைக்குப் பூட்டி வைப்பது மட்டும் எந்தக் கணக்கிலும் லாபமில்லை.