தேநீர் மேசையும் ஒரு பள்ளிக் கழகமும்



தமிழாசிரியனாகிய நான் ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், பள்ளியில் கழகப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் 'கே-ஆன்!' என்னும் நகைச்சுவைத் தொடரைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ககிஃபிளை என்பவர் வரைந்த சித்திரக்கதையைத் தழுவி, கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் இதனைத் தயாரித்தது. இயக்கியவர் யமடா நவோகோ. முதல் பருவம் 2009ஆம் ஆண்டிலும் இரண்டாம் பருவம் 2010ஆம் ஆண்டிலும் ஒளிபரப்பாயின. 2011ஆம் ஆண்டில் திரைப்படமும் வெளிவந்தது.

கதை மிக எளியது. மகளிர் உயர்நிலைப் பள்ளியொன்றில் மெல்லிசைக் கழகத்தின் பழைய உறுப்பினர் அனைவரும் படிப்பை முடித்துச் சென்றுவிடுகின்றனர். நால்வர் சேராவிட்டால் கழகம் கலைக்கப்படும். ரிட்சு தன் தோழி மியோவை இழுத்து வருகிறாள். பாடகர் குழுவில் சேர வந்த சுமுகியும் இவர்களிடம் அகப்படுகிறாள். நான்காமவள் யுய். மெல்லிசை என்றால் சுலபமான இசை என்று எண்ணிப் பெயர் கொடுத்தவள். கித்தாரைத் தொட்டதே இல்லை!

அதன்பின் என்ன நடக்கிறது? தேநீர் அருந்துகிறார்கள், கேக் உண்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள். நேரம் மிஞ்சினால் பயிற்சி செய்கிறார்கள். "இதில் ஒன்றுமே நடப்பதில்லை" என்பதே இத்தொடரின் மீது சொல்லப்படும் பெருங்குறை.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் ஒரு வாசிப்புக் கழகம் இருந்தது. மாணவர்கள் பத்து நிமிடம் வாசிப்பார்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். ஆண்டறிக்கையில் எழுத ஒரு போட்டியும் இல்லை, ஒரு கிண்ணமும் இல்லை. மறு ஆண்டு அதனை மூடிவிட நானே பரிந்துரைத்தேன். "ஐயா, இனி நாங்க எங்க உட்காருவோம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஜப்பானில் பள்ளிக் கழகம் என்பது விளையாட்டுக் காரியமன்று. அதிகாலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி, விடுமுறை நாளிலும் பயிற்சி என்று மாணவரும் ஆசிரியரும் களைத்துப் போகும் நிலை அங்கு உண்டு. வாரத்திற்குக் குறைந்தது 2 நாள் ஓய்வு தரவேண்டும், பள்ளி நாளில் பயிற்சி ஏறத்தாழ 2 மணி நேரத்திற்குள் முடியவேண்டும் என்று அந்நாட்டின் விளையாட்டு முகமை 2018ஆம் ஆண்டில் வழிகாட்டி வெளியிட வேண்டியதாயிற்று. இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அந்தத் தேநீர் மேசையின் நகைச்சுவை முழுமையாக விளங்கும்.

எனினும் இத்தொடர் சோம்பலைப் போற்றவில்லை. இரண்டாம் ஆண்டில் கழகத்தில் சேரும் அசுசா, நம்மைப் போன்ற ஆசிரியர்களின் மனச்சாட்சி எனலாம். நன்றாகக் கித்தார் வாசிப்பவள். "ஏன் பயிற்சி செய்வதில்லை?" என்று பொறுமை இழக்கிறாள். திறமையான வேறு குழுக்களைத் தேடிச் சென்று கேட்கிறாள். ஆனால், குறைகள் நிறைந்த இந்த நால்வரின் இசை மட்டும் ஏன் தன் மனத்தைத் தொட்டது என்று தெரியாமல் அழுகிறாள். இவர்களோடு சேர்ந்து வாசிப்பதில் தான் காணும் மகிழ்ச்சியே காரணம் என்கிறாள் மியோ. அந்த மகிழ்ச்சி மேடையில் பிறந்ததன்று. தேநீர் மேசையில் பிறந்தது.

ஒரு குறையை மறைக்க இயலாது. கேக்கும் தேநீரும் செல்வந்தர் வீட்டுப் பெண்ணான சுமுகி கொண்டு வருபவை. 2,50,000 யென் விலையுள்ள கித்தார் யுய்க்கு 50,000 யென்னுக்குக் கிடைப்பதும், அந்தக் கடை சுமுகி குடும்பத்துக்குச் சொந்தமானது என்பதால்தான். எல்லாக் கழகத்திலும் ஒரு சுமுகி இருப்பதில்லை. ஆனால் ஒரு மேசையும் சில நாற்காலிகளும் எந்தப் பள்ளியிலும் உண்டல்லவா?

மூத்தவர் நால்வரும் பள்ளியை முடிக்கும் நாளில், தனித்து விடப்படும் அசுசாவுக்காகத் தாங்களே இயற்றிய பாடலை வாசிக்கிறார்கள். கண்ணீரோடு கேட்டு முடித்தவள், அவ்வளவு நன்றாக வாசிக்கவில்லை என்கிறாள். உடனே, இன்னும் கேட்க வேண்டும் என்கிறாள்.

அந்த இரு கூற்றுகளையும் நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். முதலாவது மதிப்பெண். நாம் அறிக்கையில் எழுதுவது அதை மட்டுமே. இரண்டாவது கூற்றுக்கு நம் படிவங்களில் கட்டமே இல்லை. இருந்திருந்தால் என் வாசிப்புக் கழகம் இன்றும் இருந்திருக்கும். அந்த மாணவிக்கும் உட்கார ஓர் இடம் இருந்திருக்கும்.