மென்டல் என்பது திட்டா?

"போடி மென்டல்!" இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறோம்? பேனா எடுத்து வர மறந்தால் மென்டல். தனியாக உட்கார்ந்தால் மென்டல். கணக்கு சார் சொல்கிறாரே மனக்கணக்கு, அதற்கு ஆங்கிலத்தில் மென்டல் மேத்ஸ் என்றுதான் பெயர். மென்டல் என்றால் மனம் சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான். அதைப் போய் திட்டாக்கி வச்சிருக்கோம்.

எங்கள் தெருப் பாட்டிகளுக்குக்கூட சுகர், பிரஷர், ஸ்கேன் எல்லாம் தெரியும். "எனக்கு சுகர் இருநூறு"ன்னு பஸ்ஸில் சத்தமாகவே சொல்வார்கள். மனசுக்கு வரும் நோய்க்கு மட்டும் நம்மிடம் ஒரே வார்த்தை, பைத்தியம். அழுதுகொண்டே இருப்பவரும் பைத்தியம், வலிப்பு வந்து விழுபவரும் பைத்தியம். வலிப்பு மூளையில் வரும் கோளாறு, மனநோயே கிடையாது!

டாக்டர்கள் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசை இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, சோர்ந்தே கிடந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். பயமும் படபடப்பும் ஓயாமல் இருந்தால் மனப்பதற்றமாக இருக்கலாம். யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது மனச்சிதைவு நோயில் வரும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பைத்தியம் என்றால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர்கூட "நாலு பேர் என்ன சொல்வாங்களோ"ன்னு திரும்பி விடுவார்.

வெறும் வார்த்தைதானே என்கிறீர்களா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சுகர் வந்தவரை யாராவது சங்கிலியில் கட்டுவோமா? அவர் நோயாளி, இவர் பைத்தியம். அந்த வார்த்தைதான் சங்கிலி போட வைத்தது என்பது என் கருத்து. இப்படிக் கட்டிப்போடக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. நம் வாயில் மட்டும் அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது.

வகுப்பில் யாராவது திடீரென்று பேசாமல் ஒதுங்கினால் "என்னாச்சுடி?" என்று கேட்கலாம். டீச்சரிடம் சொல்லலாம். 14416 என்ற அரசாங்க எண்ணுக்கு ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். எங்கள் வீட்டில் அந்த எண்ணை தினசரி காலண்டர் அட்டையில், கேஸ்காரர் நம்பருக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

- 9-ஆம் வகுப்பு மாணவி